பத்தாயிரம் கேம், ரெண்டு ரிமோட்: வேலூரில் வாங்கிய கேம் ஸ்டிக் பற்றி

முதலில் விலை. 1,900 ரூபாய். லாங் பஜார் பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடையில் 2,200-ல் ஆரம்பித்தார்கள். "பாய், ரெண்டு ரிமோட்டையும் இங்கேயே டிவியில போட்டுக் காட்டுங்க, அப்புறம் விலை பேசலாம்" என்றேன். போட்டும் காட்டினார், விலையும் இறங்கியது. டப்பாவில் கம்பெனி பெயர் எதுவும் கிடையாது. பெரிய எழுத்தில் 4கே, 10,000 கேம்ஸ், வயர்லெஸ் என்று மட்டும் போட்டிருக்கும். இதே சரக்கு பத்து விதமான டப்பாவில், பத்து விதமான பெயரில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதனால் நான் எழுதுவது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: பென் டிரைவை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஸ்டிக், அதை டிவியின் ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் செருக வேண்டும், பவருக்கு ஒரு யுஎஸ்பி வயர், கேம்கள் எல்லாம் இருக்கும் 64 ஜிபி மெமரி கார்டு, பிளேஸ்டேஷன் மாதிரி ரெண்டு ரிமோட், அதற்கான ரிசீவர். ரிமோட் ஒவ்வொன்றுக்கும் ரெண்டு சின்ன பேட்டரி நாம்தான் வாங்கிப் போட வேண்டும். சத்துவாச்சாரி வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கா மகனிடம் கொடுத்தேன், நான் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவன் மாட்டி ஓடவிட்டிருந்தான். இந்த விஷயத்தில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் மாட்டியதும் அப்படியே ஆட உட்காராதீர்கள். ரெண்டு வேலை இருக்கிறது. ஒன்று, படம் டிவி முழுக்க இழுத்துக்கொண்டு வரும். இந்தக் கேம்கள் எல்லாம் பழைய சதுர டிவிக்காகச் செய்தவை, அகல டிவியில் மரியோ குண்டடித்துப்போய் நிற்பான். டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸ் போய் 4:3 என்று மாற்றுங்கள். ரெண்டு, டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். இது ரொம்ப முக்கியம். எல்இடி டிவிகள் படத்தை அழகாக்குகிறேன் என்று உள்ளே கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் காட்டுகின்றன. சீரியல் பார்க்கும்போது அது தெரியாது, மரியோ பள்ளத்தைத் தாண்டும்போது தெரியும்: விளிம்பில் நின்று சரியாகத்தான் அழுத்தியிருப்போம், ஆனால் அவன் விழுந்த பிறகுதான் குதிப்பான். "பழைய கேம் எல்லாம் இப்படித்தான் கொடூரமா இருக்கும்" என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, அதில் பாதிக் கொடூரம் இந்த டிவிகளுடையது. கேமின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கேம் மோட் போட்டுப் பாருங்கள்.

4கே என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்டெண்டோவின் பழைய ஃபாமிகாம் செட்டுக்கு எழுதிய கேமின் அசல் படமே 256-க்கு 240 புள்ளிதான். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப் புள்ளி எதுவும் வராது, வரவும் தேவையில்லை, கட்டம் கட்டமாகத் தெரிவதுதான் அதன் அழகு.

சரி, கேம்களுக்கு வருவோம். மெனுவில் எஃப்சி, அதாவது ஃபாமிகாம், என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் நம் ஃபோல்டர். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விட்ட ஃபாமிகாம், அதைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்த நகல் செட்டுகள்தான் நம் ஊருக்கு வந்தன, மஞ்சள் கேசட்டோடு. வேலூரில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களில் சொந்தமாக செட் வைத்திருந்தவர்கள் குறைவு. கொசப்பேட்டையில் ஒரு அக்கா வீட்டு முன்ரூமில் ரெண்டு டிவி இருந்தது, மணிக்கு 10 ரூபாய், வாசலில் செருப்புக் குவிந்திருக்கும், மே மாத வெயிலில் ஃபேன் ஒன்றுதான், அதுவும் ஆடுகிறவன் பக்கம்தான் திரும்பியிருக்கும். நாங்கள் கேம்களை எடைபோட்டது அங்கேதான்.

பல நாளாக என் மனதில் இருக்கும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பழைய கேம்களைப் பற்றி இன்று இணையத்தில் எதைத் தேடினாலும் "சிறந்த நூறு" பட்டியல்கள் வருகின்றன. அவை பெரும்பாலும் அமெரிக்கப் பத்திரிகைகளும் அமெரிக்கக் கடைகளும் போட்ட தடத்தில் போகின்றன. நாம் அதிகம் ஆடிய கேம்கள் அந்தப் பட்டியல்களில் இருக்காது. மோசமான கேம் என்பதால் இல்லை, அவர்கள் கைக்கு அவை போகவே இல்லை. டேங்க் என்று நாம் சொல்லும் பேட்டில் சிட்டி, நாம்கோ 1985-ல் ஃபாமிகாமுக்கு விட்டது, அமெரிக்காவில் அந்த கேசட் வரவில்லை. சர்க்கஸ் சார்லி ஃபாமிகாம் கேசட்டும் ஜப்பானோடு நின்றது. ரோட் ஃபைட்டரையும் கோனாமி அமெரிக்காவில் அந்த செட்டுக்கு விடவில்லை. ஆக, இந்த மூன்றுக்கும் அங்கே யாரும் மார்க் போடவில்லை. மார்க் போட்டது வேலூரும் குடியாத்தமும் ராணிப்பேட்டையும் மாதிரி ஊர்களின் வாடகை ரூம்கள். அந்தத் தீர்ப்பை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பத்திரிகைத் தீர்ப்பு எப்படி நடந்தது என்றும் பாருங்கள். ஜப்பானில் ஃபாமிட்சு என்ற கேம் பத்திரிகை 1986-ல் ஆரம்பித்தது, நாலு பேர் தலா பத்துக்கு மார்க் போடுவார்கள், மொத்தம் 40. முதல் முறையாக 40-க்கு 40 வாங்கியது 1998-ல் வந்த ஒரு செல்டா கேம். அமெரிக்காவில் 1983-ல் வீடியோ கேம் சந்தையே சரிந்துபோனதால், சூப்பர் மரியோ அங்கே போன நேரத்தில் கேமைப் பற்றி எழுதும் பத்திரிகைகளே அருகிப்போயிருந்தன. பிறகு 1988-ல் நின்டெண்டோ தானே ஒரு பத்திரிகை நடத்தத் தொடங்கியது. கேம் விற்பவனே கேமைப் பற்றி எழுதினால் என்ன எழுதுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு கேசட் 40, 50 டாலர். அந்தக் காசுக்கு எத்தனை வாரம் ஓடும் என்பதுதான் அவர்கள் கேள்வி. எங்கள் கேள்வி வேறு: பத்து ரூபாய்க்கு எத்தனை பேர் உட்காரலாம், ரிமோட் எவ்வளவு சீக்கிரம் கை மாறும்?

அந்தக் கணக்கில் டேங்க்தான் முதல். ஒரே நேரத்தில் ரெண்டு பேர், ஒரே பக்கம் நின்று ஆடலாம். கீழே செங்கல் கட்டுக்குள் ஒரு கழுகு, அதைக் காப்பாற்ற வேண்டும், ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்க், மொத்தம் 35 ஸ்டேஜ். கூட ஆடுகிறவன் மேல் குண்டு பட்டால் அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான், அந்தக் கொஞ்ச நேரம் ஒரு சண்டைக்குப் போதும். நம் குண்டே நம் கழுகைத் தகர்க்கும். மண்வெட்டிப் படம் கிடைத்தால் செங்கல் இரும்பாகும். இது எல்லாமே முதல் நிமிஷத்தில் புரிந்துவிடும், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மேப்பை நாமே வரைந்து ஆடும் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற வசதியும் 1985-லேயே அதில் இருக்கிறது. இந்த ஸ்டிக்கில் டேங்க் அருமையாக ஓடுகிறது, குறையே இல்லை. அக்கா மகன் புது ஃபோன் கேம்களில் ஊறியவன், "மாமா, நீ கழுகு கிட்டயே நில்லு, நான் மேல போறேன்" என்று முதல் ஆட்டத்திலேயே பொறுப்பைப் பிரித்துவிட்டான். ஒரு கேம் நல்ல கேமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ரோட் ஃபைட்டர் தனியாள் ஆட்டம், ஆனால் வாடகை ரூமுக்கென்றே செய்தது போல இருக்கும். வண்டி 400 கிலோமீட்டர் வேகத்தில் போகும், பக்கத்துக் காரை உரசினால் சுற்றும், சுற்றுகிற பக்கத்துக்கு ஏற்ப உடனே திருப்பினால் தப்பிக்கலாம், லாரியில் மோதினால் வெடிதான். பெட்ரோல் தீர்ந்தால் ஆட்டம் ஓவர், ரிமோட் அடுத்தவன் கைக்கு. மோதாமலே ரொம்ப தூரம் போனால் பக்கத்தில் ஒருவன் பறந்து வருவான். எல்லாரும் சூப்பர்மேன் என்று கத்துவோம், அவன் உண்மையில் கோனாமி மேன், அந்தக் கம்பெனியின் சொந்தக் கதாபாத்திரம். அவனைப் பார்த்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒரு மரியாதை இருந்தது. சர்க்கஸ் சார்லியில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையத்தைத் தாண்டுவது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. கயிற்று மேல் குரங்கு வரும் இடம் கேம் மோட் போடாத டிவியில் ஆடவே முடியாது.

மரியோ எல்லாருக்கும் பிடித்தது என்று இன்று சொல்கிறோம், 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்ற கேம், மறுக்க முடியாது. ஆனால் அந்த முன்ரூமில் மரியோ நன்றாக ஆடத் தெரிந்தவனை யாருக்கும் பிடிக்காது. அவன் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான். அதுவும் ஒரு விமர்சனம்தான், பத்திரிகையில் வராத விமர்சனம்.

இந்த ஸ்டிக்கில் மரியோ ஆடிய பலரும் சொல்லும் ஒரு விஷயம், "சின்ன வயசுல ஆடினதைவிட ஸ்பீடா ஓடுது." அது பிரமை இல்லை. ஜப்பான், அமெரிக்க டிவிகள் விநாடிக்கு 60 முறை படம் மாற்றும், கேமும் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டது. நம் ஊர் டிவி பால் முறை, விநாடிக்கு 50. நம் நகல் செட்டுகள் டிவிக்கு ஏற்றபடி 50-ல் ஓடின, கேம் அதற்கேற்ப மாறவில்லை, அதனால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. பாட்டும் மெதுவாகத்தான் வந்தது. நம் கைக்குப் பழகியது அந்த வேகம். இந்த ஸ்டிக் 60-ல் ஓட்டுகிறது, அதாவது ஜப்பான்காரன் ஆடிய மரியோவை நாம் இப்போதுதான் முதல் முறை ஆடுகிறோம். இரண்டில் எது சரியான மரியோ என்றால் 60 தான் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு 50 தான். வேகத்தை மாற்ற இந்த ஸ்டிக்கில் வழியில்லை, இது எனக்குப் பெரிய குறை. கம்ப்யூட்டரில் மெசன் மாதிரி எமுலேட்டரில், அதாவது பழைய செட் மாதிரியே கேமை ஓட்டும் சாஃப்ட்வேரில், டென்டி என்று ஒரு அமைப்பு இருக்கிறது, டென்டி என்பது ரஷ்யாவில் ஓடிய இதே மாதிரி நகல் செட், அதைத் தேர்ந்தெடுத்தால் நம் வேகம் அப்படியே வந்துவிடும்.

மரியோவில் இன்னொன்று ரிமோட். பழைய ரிமோட்டில் பி, ஏ ரெண்டு பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கட்டைவிரலின் நுனியால் பி-யை அழுத்தி ஓடிக்கொண்டே, விரலின் நடுப்பகுதியைச் சாய்த்தால் ஏ, குதிக்கலாம். விரலைத் தூக்கவே வேண்டாம். இந்த ரிமோட்டில் பட்டன்கள் குறுக்காக, இடைவெளி விட்டு இருக்கின்றன, ஓடிக் குதிக்கும்போது விரல் வழுக்குகிறது. நீளமான பள்ளங்களில் இதனால்தான் விழுகிறோம். போகப் போகப் பழகும், ஆனால் அந்தச் சுகம் வராது. திசைப் பட்டனும் கொஞ்சம் மொத்தை, கீழே அழுத்தினால் சில நேரம் பக்கவாட்டிலும் சேர்ந்து போகிறது, பைப்புக்குள் இறங்கும்போது எரிச்சலாக இருக்கும்.

லிஸ்ட்டில் சூப்பர் மரியோ 2 ரெண்டு இருக்கும், ரெண்டும் வேறு வேறு. 1986-ல் ஜப்பானில் வந்த அசல் இரண்டாம் பாகம் கொடூரக் கஷ்டம், விஷக் காளான் கூட உண்டு. அதை ஆடிப் பார்த்த நின்டெண்டோவின் அமெரிக்க அலுவலகம் அமெரிக்காவில் எடுபடாது என்று சொல்லிவிட்டது. அதனால் டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு ஜப்பான் கேமை எடுத்து, ஆட்களை மட்டும் மரியோவாக மாற்றி, 1988-ல் மரியோ 2 என்று அங்கே விட்டார்கள், காய்கறி பிடுங்கி எறிவது அதுதான். அசலை அமெரிக்கர்கள் பார்க்க 1993 ஆனது. ஒரு சிலரின் அபிப்பிராயம் ஒரு நாட்டுக்கே ஒரு கேமை மாற்றிவிட்டது பாருங்கள். எனக்கு இரண்டில் காய்கறி மரியோதான் பிடிக்கும். அந்தக் கஷ்ட மரியோவில் குழி பறிப்பதற்கென்றே குழி பறித்திருக்கிறார்கள்.

ரெண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேறும் காண்ட்ரா பற்றித் தனியாகவே எழுதலாம். இந்த ஸ்டிக்கில் அமெரிக்க வடிவமும் ஜப்பான் வடிவமும் இருக்கின்றன, ஜப்பானை எடுங்கள். முதல் ஸ்டேஜில் மரங்கள் அசையும், பனி ஸ்டேஜில் உண்மையாகவே பனி விழும், ஸ்டேஜுக்கு நடுவில் மேப் வரும். ஜப்பான் கேசட்டில் கோனாமி தன் சொந்தச் சிப் ஒன்று வைத்திருந்தது, அமெரிக்கக் கேசட்டில் அது இல்லாததால் இதெல்லாம் போய்விட்டது. ஐரோப்பாவில் ஆட்களையே எடுத்துவிட்டு ரோபோவாக்கி ப்ரோபோடெக்டர் என்று விட்டார்கள். மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ: முதல் திரையில் இதை அழுத்தினால் 30 லைஃப் வருவது எல்லாருக்கும் தெரியும். இது முதலில் வந்தது காண்ட்ராவில் இல்லை, 1986-ல் கோனாமியின் கிராடியஸ் என்ற விண்கல ஆட்டத்தில். அந்தக் கேமைச் செய்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கே அதை ஆடி முடிக்க முடியவில்லை, சோதித்துப் பார்க்க இந்தக் குறுக்குவழியை வைத்தார், எடுக்காமல் விட்டுவிட்டார். 2020-ல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க இந்தப் பத்து பட்டனையும் போட்டுத்தான் அஞ்சலி செலுத்தினார்கள்.

காண்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜ், அருவி. மேலே ஏற வேண்டும். முந்தி ஏறுகிறவன் திரையை மேலே இழுத்துவிடுவான், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய் செத்துப்போவான். அக்கா மகன் சர்ரென்று ஏறிவிட்டான், நான் போய்ச் சேர்ந்தேன், "மாமா ஏன் செத்த?" என்று கேட்கிறான். ரெண்டாவது முறை நின்று நின்று ஏறினான், "வா, வா, இப்போ குதி" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே. குண்டுகள் விரிந்து சிதறும் எஸ் துப்பாக்கி வந்தபோது அவன் எடுத்துக்கொண்டான், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

துப்பாக்கியை டிவியை நோக்கிப் பிடித்து வாத்து சுடும் டக் ஹன்ட் லிஸ்ட்டில் இருக்கிறது, ஆனால் ஆட முடியாது. துப்பாக்கி இல்லை என்பது மட்டும் காரணம் இல்லை. டிரிகர் அழுத்தினதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும், துப்பாக்கியில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். பழைய குண்டு டிவியின் வேகத்துக்கு எழுதிய கணக்கு அது, தாமதமாகக் காட்டும் எல்இடியில் எடுபடாது. துப்பாக்கியோடு வரும் செட் என்று யாராவது விற்றால், உங்கள் வீட்டு டிவி மாதிரி டிவியில் சுட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஃபாமிகாமுக்கு முந்தைய அமெரிக்க செட்டான அடாரியின் ஃபோல்டரில் ஈ.டி. இருக்கிறது. உலகின் மோசமான கேம் என்று பெயர் எடுத்தது. 1982 கிறிஸ்துமஸுக்கு விற்க வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் செய்தது. விற்காத சரக்கை 1983-ல் நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ என்ற ஊரில் புதைத்தார்கள், 2014-ல் தோண்டி எடுத்தார்கள். ஆடினேன். குழிக்குள் விழுவது உண்மையிலேயே எரிச்சல்தான். ஆனால் மேலே தெரியும் சின்னம் நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும், பட்டனின் வேலையும் அதோடு மாறும், இது கையேட்டில் இருந்த விஷயம். அது தெரிந்து ஆடினால் ஒரு உருப்படியான யோசனை உள்ளே இருப்பது தெரிகிறது. ஐந்து வாரத்தில் செய்த வேலைக்கு அந்தப் பட்டம் அநியாயம். இந்த ஸ்டிக்கின் பெரிய குறையும் இதுதான்: பத்தாயிரம் கேம் இருக்கிறது, ஒன்றுக்கும் ஒரு வரி விளக்கம் கிடையாது. அடாரி கேம்களில் பாதிக்கு எந்தப் பட்டன் எதற்கு என்றே புரியாது. அந்தக் காலத்து விமர்சகர்கள் கையேட்டை வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பத்தாயிரம் என்பதும் கணக்குக்குத்தான். ஒரே கேம் நாலு பெயரில் வருகிறது, 99999 இன் 1 கேசட்டில் செய்த அதே வேலை. பிளேஸ்டேஷன் 1 கேம்கள் இழுத்து இழுத்து ஓடுகின்றன, அதற்காக இதை வாங்க வேண்டாம். ஆட்டத்தை நடுவில் சேமிக்கலாம், நன்றாகவே வேலை செய்கிறது, கரண்ட் போனாலும் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊர் மே மாதத்தில் ஸ்டிக் நன்றாகச் சூடாகிறது. கூடவே வரும் நீட்டிப்பு வயரில் மாட்டி, டிவிக்குப் பின்னால் அடைத்து வைக்காமல் வெளியே தொங்கவிட்டால் பரவாயில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது: இந்த 1,900 ரூபாயில் அந்தக் கேம்களைச் செய்த யாருக்கும் ஒரு பைசா போகாது. நாம் வளர்ந்த கேசட்டுகளும் அப்படித்தான், ஆனால் அப்போது அசல் நமக்குக் கிடைக்க வழியே இல்லை, இப்போது இருக்கிறது. காண்ட்ரா மட்டும் போதும் என்றால் கோனாமி 2019-ல் விட்ட காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷனைக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்குங்கள், பனி விழும் ஜப்பான் வடிவமும் அதில் இருக்கிறது. டேங்க், ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் எல்லாம் ஒரே இடத்தில், ரெண்டு ரிமோட்டோடு வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த ஸ்டிக்.

வாங்கினால் கடையிலேயே ரெண்டு ரிமோட்டையும் சேர்த்து டேங்க் ஆடிப் பாருங்கள், ஒன்று ஓடி மற்றது ஓடாத டப்பாக்கள் நிறைய வருகின்றன. கார்டுதான் இதில் முதலில் சாகும் பாகம், மலிவான கார்டு. அதனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே கம்ப்யூட்டரில் போட்டு முழுசாக நகல் எடுத்துவிட்டு, நல்ல கார்டு ஒன்றில் ஏற்றி ஓட்டுங்கள்.